அத்தியாயம் 6: நல்லதங்காளை நிழற்கூத்தாக்குவது

பஞ்சம், பசித்த பிள்ளைகள், வீட்டுக் கதவைச் சாத்தும் ஒரு பெண். கிரிம் சகோதரர்கள் 1812இல் அச்சிட்ட ‘ஹான்சலும் கிரெட்டலும்’ பசியில்தான் தொடங்குகிறது. பெரிய எழுத்துப் புத்தகங்களில் ஊர் ஊராகப் பரவிய நல்லதங்காள் கதையும் அங்கேதான் தொடங்குகிறது. ஜெர்மானியக் கதையின் முதல் பதிப்பில், பிள்ளைகளைக் காட்டில் விட்டுவரச் சொல்பவள் பெற்ற தாய். 1840ஆம் ஆண்டுப் பதிப்பில் அவளை மாற்றாந்தாய் ஆக்கிவிட்டார்கள். படிப்பவர் மனம் கொஞ்சம் ஆறியது. நல்லதங்காள் கதையில் அந்த ஆறுதல் இல்லை. ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளுபவள் பெற்றவளே.

தமிழகத்தின் தோல்பாவைக் கலைஞர்கள் ராமாயணத்தோடு நல்லதங்காளையும் ஆட்டி வந்தவர்கள். ஆகவே இந்தக் கதைக்கு நிழல் புதிதல்ல. புதிதாக இருக்கப்போவது குழுதான்: தருமபுரி மாவட்டத்தின் ஏரியூரிலோ நாகமரையிலோ பென்னாகரத்திலோ ஆறேழு பேர் சேர்ந்து, பள்ளி மைதானத்திலோ கோயில் திடலிலோ 45 நிமிட ஆட்டம் ஒன்றைப் போட நினைக்கும் இளைஞர்கள். அவர்களுக்கான அத்தியாயம் இது. இதில் சொல்லப்படும் எல்லாமே ஒரு வேலையைச் சுற்றித்தான்: விளக்கை எங்கே வைப்பது, பாவையை அதிலிருந்து எவ்வளவு தள்ளிப் பிடிப்பது. பார்ப்பவர் நெஞ்சில் பயம் ஏறுவதும் இறங்குவதும் அந்தத் தூரத்தைப் பொறுத்தது.

ஆட்டத்துக்கு முன் எடுக்க வேண்டிய முடிவுகள்

தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2இல் சேலத்திலிருந்து பிரிந்தது. 1876–78 தாது வருடப் பஞ்சம் அன்றைய சேலம் மாவட்டத்தைக் கடுமையாக அடித்தது. பெண் குழந்தைகளைக் காப்பதற்காக 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2001இல் தருமபுரிக்கும் விரிந்தது. ஏன் விரிக்க வேண்டியிருந்தது என்பதை இந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தாய், பிள்ளை, கிணறு என்று மூன்று நிழல்கள் திரையில் எழுந்தால், கூட்டத்தில் யாரோ ஒருவருக்கு அது கதையாக மட்டும் இருக்காது. கதைப் பிரதியைத் தொடுமுன் மூன்று முடிவுகளை எடுத்துவிட வேண்டும்.

1. வயது. 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இந்த ஆட்டம் வேண்டாம். கிராமத் திடலில் கதவும் சீட்டும் கிடையாது; குழந்தைகள் வந்துவிடுவார்கள். எனவே மாலையில் 20 நிமிடத்துக்கு ஒரு வேடிக்கை நிழலாட்டத்தைத் தனியாகப் போட்டு, அவர்களை வீட்டுக்கு அனுப்பிய பிறகு பெரிய கதையைத் தொடங்க வேண்டும்.

2. முடிவு. கதைக்குப் பல வடிவங்கள் உண்டு. சிலவற்றில் அண்ணன் நல்லதம்பி தன் மனைவி மூளி அலங்காரியைத் தண்டித்துவிட்டுத் தானும் உயிர்விடுகிறான். சிலவற்றில் தெய்வம் வந்து எல்லாரையும் எழுப்புகிறது. அண்ணன் கிணற்றடிக்கு வந்து சேரும் இடத்தில் ஆட்டத்தை நிறுத்துவதே நல்லது. அண்ணியின் தண்டனையை நீட்டினால் பழி முழுவதும் ஒரு பெண் தலையில் விழும், பஞ்சம் தப்பித்துவிடும்.

3. குழுவினர். நடிப்பவர்களில் யாருடைய வீட்டிலாவது இப்படிப்பட்ட சாவு நடந்திருக்கலாம். பாத்திரம் பிரிக்கும் முன் இயக்குநர் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேச வேண்டும். வேண்டாம் என்று சொல்பவரிடம் காரணம் கேட்கக் கூடாது. விளக்கையோ தாளத்தையோ கொடுக்கலாம்.

கதையை எட்டுத் துண்டாக வெட்டுதல்

பெரிய எழுத்துப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, பேச்சை எல்லாம் தள்ளி, கண்ணுக்குத் தெரியும் செயல்களை மட்டும் குறித்தால் எட்டுக் காட்சிகள் தேறும்:

1. மானாமதுரையில் வயல் காய்கிறது.
2. நல்லதங்காள் ஏழு பிள்ளைகளோடு பிறந்த வீட்டுக்கு நடக்கிறாள்.
3. அண்ணன் காட்டில் வேட்டையில் இருக்கிறான்.
4. அண்ணி கதவைச் சாத்துகிறாள்.
5. ஓட்டைப் பானை, எரியாத பச்சை விறகு, பிள்ளைகளின் பசி.
6. காட்டு வழி.
7. கிணறு.
8. அண்ணன் வருகிறான்.

ஒவ்வொரு காட்சிக்கும் நேராக ஒரு சொல் எழுத வேண்டும்: ‘ஒட்டி’ அல்லது ‘தள்ளி’. பாவை திரையை ஒட்டி நின்றால் உருவம் தெளிவாக, சின்னதாக, நம்பக்கூடியதாக இருக்கும். திரையை விட்டு விளக்கின் பக்கம் தள்ளிப் போகப் போக உருவம் பெரிதாகிக் கலங்கும். முதல் மூன்று காட்சிகளும் ஒட்டியே நடக்கட்டும். நான்காவதில் முதல் முறையாக ஒரு நிழல் தள்ளி எழ வேண்டும்.

*அடிக்கடி நடக்கும் தவறு:* தொடக்கத்திலேயே பூதாகாரமான நிழல்களைக் காட்டிக் கைதட்டு வாங்குவது. கிணற்றுக் காட்சி வருவதற்குள் பார்ப்பவர் கண் பழகிவிடும். அங்கே போட எதுவும் மிஞ்சாது.

திரை

கேரளத்துத் தோல்பாவைக் கூத்து பகவதி கோயில்களின் கூத்துமாடத்தில் கம்பராமாயணப் பாடல்களைக் கொண்டு நடக்கிறது. அங்கே திரையின் மேற்பகுதி வெள்ளை, கீழ்ப்பகுதி கறுப்பு. இந்த அமைப்பை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். நல்லதங்காளுக்கு அந்தக் கறுப்புதான் கிணறு.

1. தையல் இல்லாத வெள்ளைப் பருத்தி டபுள் பெட்ஷீட் ஒன்று. ஏறக்குறைய 2.5 மீட்டர் அகலம், 2.2 மீட்டர் உயரம் போதும். பாலியஸ்டர் வேண்டாம், பளபளக்கும், தீப்பட்டால் உருகி ஒழுகும்.
2. அடியில் 40 செ.மீ. உயரத்துக்குக் கறுப்புத் துணியைத் தைக்க வேண்டும். இரண்டு மடிப்பாகத் தைத்தால் ஒளி கசியாது.
3. நான்கு பக்கமும் மூங்கில் சட்டம் கட்டி, துணியை லேசாக நனைத்து இழுத்துக் கட்டினால் காயும்போது விறைப்பாகும்.
4. சட்டத்தைப் பள்ளிப் பெஞ்சுகளின் மேல் ஏற்றி, இருபுறமும் கயிறு கட்டி முளையடித்து, அடிச் சட்டத்தில் செங்கல் கட்ட வேண்டும். மேட்டூர் நீர்த்தேக்கக் கரையோர ஊர்களில் தண்ணீர்ப் பக்கமிருந்து காற்று வரும். திரையின் முதுகை அந்தப் பக்கம் திருப்பக் கூடாது. பள்ளிக் கட்டடச் சுவரை முதுகுக்குக் கொடுக்க வேண்டும்.

அமாவாசையை ஒட்டிய நாளாகப் பார்த்துக் குறிப்பது உத்தமம். திடலில் எரியும் தெருவிளக்கை ஒரு மணி நேரம் அணைக்க ஊராட்சியில் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். கடைசி நேரத்தில் சொன்னால் நடக்காது.

விளக்கு

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு கணக்குத்தான் உண்டு. விளக்குக்கும் திரைக்கும் உள்ள தூரத்தை, விளக்குக்கும் பாவைக்கும் உள்ள தூரத்தால் வகுத்தால், நிழல் எத்தனை மடங்கு பெரிதாகும் என்பது கிடைக்கும். விளக்கு திரையிலிருந்து 250 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், பாவை நடுவில், அதாவது 125 செ.மீட்டரில் நின்றால் நிழல் இரண்டு மடங்கு. விளக்கிலிருந்து 50 செ.மீட்டரில் ஐந்து மடங்கு. 25 செ.மீட்டரில் பத்து மடங்கு. 40 செ.மீ. உயரத் தாய்ப்பாவை ஐந்து மடங்கானால் இரண்டு மீட்டர். வெள்ளைத் திரை 180 செ.மீ.தான் என்பதால் அவள் தலை திரைக்கு மேலே போய் மறைந்துவிடும். அந்த வெட்டு கிணற்றடியில் பயன்படும்.

தரையில் விளக்கிலிருந்து 25, 50, 125 செ.மீ. தூரங்களில் வெள்ளை டேப் ஒட்டிவிட்டால், இருட்டில் ஆட்டுபவர் காலால் தடவியே இடத்தைப் பிடித்துக்கொள்வார்.

எந்த விளக்கு நல்லது? ஒளி ஒரே புள்ளியிலிருந்து வர வேண்டும். டியூப் லைட்டும் பல எல்.இ.டி. பதித்த பட்டைகளும் உதவாது. ஒற்றைச் சில்லு உள்ள சிறிய எல்.இ.டி. விளக்கை, முன்னால் இருக்கும் லென்ஸையும் பின்னால் இருக்கும் பளபளப்புக் கிண்ணத்தையும் கழற்றிவிட்டுப் பயன்படுத்தலாம். ஒத்திகைக்குச் செல்போன் டார்ச்சே போதும். சோதிக்க எளிய வழி: விரலை விரித்துப் பாதித் தூரத்தில் காட்ட வேண்டும். ஒவ்வொரு விரலுக்கும் இரண்டு மூன்று ஓரங்கள் விழுந்தால் அந்த விளக்கு ஆகாது.

கேரளக் கூத்துமாடத்தில் 21 எண்ணெய் விளக்குகளை வரிசையாக ஏற்றுவார்கள். ஒளி பல இடத்திலிருந்து வருவதால் பாவையைத் திரையோடு ஒட்டியே வைத்தாக வேண்டும். அதன் அழகு தனி. பாவையை முன்னும் பின்னும் நகர்த்தி நிழலை வளர்க்க நினைக்கும் ஆட்டத்துக்கு ஒற்றை விளக்கே சரி.

விளக்கைக் கையில் பிடிக்கத் தனியாக ஓர் ஆள் வேண்டும். குழுவிலேயே நிதானமானவருக்கு அந்த வேலையைக் கொடுக்க வேண்டும். பாவை பிடிப்பவர்களைவிட அவருக்குத்தான் ஒத்திகை அதிகம்.

*குறிப்பு:* துணி வழியே விளக்கின் புள்ளி முன்வரிசையில் இருப்பவர் கண்ணைக் குத்தினால், விளக்கை உயர்த்திப் பிடித்து, முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

பாவைகள்

தோல்பாவைக் கலைஞர்கள் ஆட்டுத் தோலைச் சுரண்டி, ஒளி ஊடுருவும்படி பதப்படுத்திச் சாயம் தீட்டுகிறார்கள். ஆந்திரத்து நிம்மலகுண்டாவில் இன்றும் அந்த வேலை நடக்கிறது; அவ்வூர்க் கலைஞர் தளவாய் சலபதி ராவுக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. புதுக் குழுவுக்குத் தோல் வேலை எட்டாது. தடித்த கறுப்பு அட்டையே போதும். அட்டையில் எவ்வளவு உயிர் கொண்டுவரலாம் என்பதற்கு லோட்டே ரைனிகர் சாட்சி. அவர் கறுப்பு அட்டையையும் மெல்லிய ஈயத் தகட்டையும் கத்தரியால் வெட்டி, கம்பியால் மூட்டுப் பொருத்தி, ‘இளவரசர் அக்மதின் சாகசங்கள்’ என்ற முழுநீளப் படத்தை 1926இல் வெளியிட்டார். கிரிம் கதைகளையும் பின்னாளில் அதே முறையில் எடுத்தார்.

1. எல்லா உருவங்களையும் பக்கவாட்டு முகமாக வரைய வேண்டும். நேர்முகம் நிழலில் வெறும் முட்டை வடிவமாகத்தான் விழும்.
2. நல்லதங்காளுக்குத் தோளிலும் இடுப்பிலும் இரண்டே மூட்டு. மூட்டு கூடினால் கை தடுமாறும். ஊசியால் துளையிட்டுத் தூண்டில் நரம்பால் முடிந்தால் மூட்டு இலகுவாக ஆடும். நீர்த்தேக்கக் கரையில் நரம்புக்குப் பஞ்சமில்லை.
3. நடைக்காட்சிக்கு ஏழு பிள்ளைகளையும் ஒரே அட்டையில் வரிசையாக வெட்ட வேண்டும். ஒருவரே எல்லாரையும் நடத்திவிடலாம். கிணற்றுக்குத் தனியாக மூன்று பாவைகள் போதும். ஏன் ஏழு வேண்டாம் என்பது கீழே வருகிறது.
4. மூளி அலங்காரியைப் பேயாக வரையக் கூடாது. நல்லதங்காளின் அதே உயரம், அதே கொண்டை, இடுப்பில் ஒரு சாவிக்கொத்து. அவளும் ஒரு வீட்டுப் பெண் என்று தெரிந்தால்தான் கதவு சாத்துவது வலிக்கும்.
5. வண்ணம் வேண்டிய இடத்தில் பழைய எக்ஸ்ரே பிலிமைக் கழுவி, மார்க்கர் பேனாவால் தீட்டலாம். இந்தக் கதையில் வண்ணத்தை ஒரே பொருளுக்கு வைப்பது நல்லது. அடுப்பு நெருப்பு சிவந்தால் போதும்.
6. பிடிக்கு மூங்கில் குச்சி அல்லது சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி. கம்பி முனையை வளைத்து டேப் சுற்ற வேண்டும். இருட்டில் கண்ணில் குத்திவிடும்.

கதவு

நான்காவது காட்சிக்குத் தனி ஒத்திகை. அண்ணி திரையை ஒட்டி நிற்கிறாள். வெளியே நல்லதங்காள். கதவு மட்டும் விளக்கின் அருகே, 25 செ.மீட்டரில் இருக்கிறது: அகலமும் உயரமும் 28 செ.மீ. உள்ள சாதாரண அட்டை. அதை மெல்ல நகர்த்தினால் பத்து மடங்கு பெருத்து, மொத்தத் திரையையும் இருட்டாக்கிவிடும். பாவைகள் இருந்த இடத்திலேயே இருக்க, ஒளி மட்டும் போகிறது. ஐந்து எண்ணும் வரை இருட்டு. பிறகு பிள்ளை ஒன்றின் குரல். வசனம் எதுவும் வேண்டாம்.

அட்டையைச் சட்டென்று மூடக் கூடாது. எட்டு எண்ணிக்கைக்கு நீட்ட வேண்டும். கூட்டத்தில் யாராவது ‘தொற’ என்று சொல்லும் அளவுக்கு நேரம் கொடுத்தால் காட்சி பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

கிணறு

ஏழு பிள்ளைகள் ஒவ்வொருவராக விழுவதைக் காட்டினால் மூன்றாவது பிள்ளையிலேயே பார்ப்பவர் மனம் மரத்துவிடும். ஏழாவதில் யாராவது சிரிக்கக்கூட நேரும். தாங்க முடியாதபோது கூட்டம் சிரிக்கும். அதனால் காட்சியை இப்படி அடுக்கலாம்:

1. முதல் பிள்ளை, திரையை ஒட்டி, தெளிவாக. தாய் அதன் தலையைக் கோதுகிறாள். பிள்ளைப் பாவை கறுப்புப் பட்டைக்குள் மெல்ல இறங்குகிறது. தண்ணீர்ச் சத்தம் இல்லை.
2. இரண்டாவது பிள்ளை பாதியளவே தெரிகிறது. தாய்ப்பாவை விளக்கின் பக்கம் ஓர் அடி நகர்ந்திருக்கிறது. அவள் வளர்ந்திருக்கிறாள்.
3. மூன்றாவதிலிருந்து பிள்ளைகளைக் காட்ட வேண்டியதில்லை. தாய்ப்பாவை மட்டும் டேப் குறிகளில் பின்வாங்கிப் பின்வாங்கிப் பெரிதாகிறது; ஓரம் கலங்குகிறது; 50 செ.மீ. குறிக்கு வரும்போது தலை திரையை விட்டு மேலே போய்விட்டது. பக்கவாத்தியக்காரர் தாளத்தில் ஒரு தட்டு, ஒரு தட்டு என்று எண்ணிக்கையைச் சொல்கிறார்.
4. தட்டு ஆறில் நிற்க வேண்டும். மூத்தவன் மிச்சம். அவன் மட்டும் மறுபடி திரையை ஒட்டி, சின்னதாக, தெளிவாக ஓடுகிறான். மாடு மேய்ப்பவர்களிடம் அவன் அடைக்கலம் தேடுவதாகப் பல வடிவங்களில் வரும். இந்த ஆட்டத்தில் அதிக வசனம் அவனுக்கே இருக்கட்டும்.
5. தாயின் தலையில்லாத பெரிய நிழல் அவன்மேல் படிகிறது. விளக்கு அணைகிறது.
6. விளக்கு மறுபடி எரியும்போது திரையில் கிணற்றுச் சுவர் மட்டும். தாய் குதிப்பதைக் காட்டக் கூடாது. வசனத்திலும் சொல்லக் கூடாது. பத்து எண்ணிக்கை வெறுமை. தூரத்திலிருந்து அண்ணன் பேர் சொல்லிக் கூப்பிடும் குரல்.

தண்ணீர் அசைவு வேண்டுமென்றால், தட்டில் தண்ணீர் ஊற்றி அடியில் கண்ணாடித் துண்டு போட்டு, பேட்டரி டார்ச் அடித்தால் திரையில் அலை ஆடும். தண்ணீர்த் தட்டு இருக்கும் பக்கம் கரண்ட் வயர் வரவே கூடாது.

*அடிக்கடி நடக்கும் தவறு:* இந்த இடத்தில் சினிமாப் பின்னணி இசையை ஸ்பீக்கரில் போடுவது. இருக்கிற எல்லாம் அதில் அழிந்துவிடும்.

குரலும் சிரிப்பும்

தருமபுரி மாவட்டம் தெருக்கூத்துக்கு இரவெல்லாம் விழித்திருந்த மண். பம்பையும் உடுக்கையும் ஆர்மோனியமும் தெரிந்தவர் ஊருக்கு ஒருவர் இருப்பார்; அவரைக் கூப்பிட வேண்டும், சம்பளமும் கொடுக்க வேண்டும். ஒப்பாரி தெரிந்த பாட்டி ஒருவர் கிடைத்தால் எட்டாவது காட்சியை அவரிடமே விட்டுவிடலாம். அவர் பாடும் நேரத்துக்குக் குழு ஒத்துப்போக வேண்டும். அவரை நிமிடக் கணக்கில் அடக்கக் கூடாது.

தோல்பாவைக் கூத்தில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் எந்தத் துயரக் கதைக்குள்ளும் நுழைந்து சிரிக்க வைப்பார்கள். தெருக்கூத்தில் அந்த வேலை கட்டியங்காரனுக்கு. நல்லதங்காளிலும் சிரிப்பு இருக்க வேண்டும். நடைக்காட்சியில் நாலு நிமிடம் கொடுத்தால், பார்ப்பவர் பிள்ளைகளோடு நெருங்கிவிடுவார்கள். கதவு சாத்திய பிறகு ஒரு சிரிப்பும் கூடாது.

ஒத்திகை வரிசை

முதலில் பாவையே இல்லாமல் விளக்கும் கையும் மட்டும் வைத்துப் பழக வேண்டும். அடுத்து வசனம் இல்லாமல் எட்டுக் காட்சிகள். அப்போது கதை தெரியாத ஒருவரை முன்னால் உட்காரவைத்து, என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். அவர் குழம்பிய இடத்தில் வசனம் சேர்ப்பது சுலபமாகத் தோன்றும். பாவையின் அசைவைத்தான் முதலில் திருத்த வேண்டும். குரலும் தாளமும் மூன்றாவதாகச் சேரட்டும். இயக்குநர் எப்போதும் திரைக்கு முன்னால்தான் இருக்க வேண்டும். பின்னால் நின்று பாவை பிடிக்கும் இயக்குநருக்கு ஆட்டம் எப்படித் தெரிகிறது என்பது தெரியாமலே போய்விடும்.

பாதுகாப்பு

1. மின் இணைப்பை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் கொடுக்க வேண்டும், எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம். ஈரத் தரையில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை வைக்காமல் பெஞ்சின்மேல் வைக்க வேண்டும்.
2. எண்ணெய் விளக்கு, கற்பூரம், ஊதுபத்திப் புகை எதுவும் திரைக்குப் பின்னால் வேண்டாம். ஆனாலும் மணல் வாளி இரண்டு இருக்கட்டும்.
3. விளக்கை வேகமாக அணைத்து அணைத்துப் போடக் கூடாது. வலிப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து.
4. ஆட்டுபவர்கள் எல்.இ.டி.யை நேராகப் பார்க்கப் பழகக் கூடாது. பார்வை திரையில் இருக்கட்டும்.
5. ஒலிபெருக்கிக்குக் காவல் நிலைய அனுமதி வேண்டும். திறந்த வெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பதால் ஆட்டத்தை 8 மணிக்குத் தொடங்கினால் பேச்சுக்கும் நேரம் இருக்கும்.

ஆட்டம் முடிந்ததும்

விளக்குகளை உடனே போட்டுவிட வேண்டும். குழு முழுவதும் பாவைகளோடு திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, அரைமணி நேரம் ஊரோடு பேச வேண்டும். நல்லதங்காள் வேறு எந்தக் கதவைத் தட்டியிருக்கலாம் என்ற கேள்வியை முதலில் போட்டால் பேச்சு தானாக ஓடும். பெண்கள் பேசட்டும் என்று விட்டுவிட்டு, மைக்கை அவர்கள் பக்கம் கொண்டுபோக வேண்டும்.

திரைக்குப் பக்கத்தில், பெரிய எழுத்தில், விளக்கு வெளிச்சம் படும்படி ஒரு பலகை: மனநல உதவிக்கு டெலி மனஸ் 14416, தமிழக அரசின் உதவி எண் 104, குழந்தைகளுக்கு 1098. அறிவிப்பாளர் இந்த எண்களை ஆட்டத்துக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை வாசிக்க வேண்டும். குழுவில் ஒருவர் கூட்டம் கலையும் வரை பலகை அருகே நிற்க வேண்டும். தனியாக வந்து பேச நினைப்பவர் எல்லாரும் போன பிறகுதான் வருவார். அவர் பேசுவதை அறிவுரை சொல்லாமல் கேட்டு, அங்கேயே 14416க்கு அழைத்துக் கொடுக்க வேண்டும்.

பாவைகளைப் பழைய அட்டைகளுக்கு நடுவே படுக்கையாக அடுக்கி, எக்ஸ்ரே பிலிம் பாவைகளை மட்டும் வெயில் படாத தனிப் பையில் போட வேண்டும். நரம்பு முடிச்சுகளை மறுநாளே பார்த்து, தளர்ந்தவற்றை மாற்றிவிட்டால் அடுத்த ஊருக்குக் கிளம்பலாம்.